நான் கும்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

1

இந்த ஆடி மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. மதுரையிலிருந்து யார் போன் செய்தாலும் நலம் விசாரித்து, இங்கத்திய மழையை விசாரித்து, கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள்.

"ஏம்மா எஸ்தரு, அன்னைக்கு உன் மகளுக்கு என்னதான் ஆச்சு?"

ஆளுக்கொரு கதை கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள் என்பது ஒன்று. அயர்லாந்தில் ஏதோ ஒரு பையனோடு பழக்கம் என்பது இன்னொன்று. என் அண்ணனுக்கும் சபை ஆயருக்கும் தகராறு, அதனால் நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம் என்று சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கதை ஓடுகிறதாம். மூன்றும் இல்லை. உள்ளதை நானே எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் சாமுவேல் இதே ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் ரேச்சல். கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது என்னைவிட உயரம். அவளுடைய திடப்படுத்தலைப் பற்றியதுதான் அந்தக் கேள்வி.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும். குழந்தையாக இருக்கும்போது அப்பா அம்மா விருப்பப்படி ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்து விவரம் தெரிந்தபின், சபை முன்னால் நின்று, 'ஆம், நானே விசுவாசிக்கிறேன்' என்று தன் வாயால் சொல்வதற்குப் பெயர் திடப்படுத்தல். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை நற்கருணை, அதாவது இயேசுவின் நினைவாகப் பீடத்தில் தரும் அப்பமும் திராட்சரசமும், எடுக்கலாம். பெண் பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டுவார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு அடுத்தபடியான விசேஷம் அது.

2

நான் வளர்ந்தது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால், வரிசையாகக் கட்டின வாடகை வீடுகளில் ஒன்றில். அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அவரைப் பெற்றவர்கள் சமயநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள்.

ஞாயிறு பள்ளியில் பத்துக் கற்பனைகளை, அதாவது கடவுளின் பத்துக் கட்டளைகளை, ஒப்பிக்கச் சொல்வார்கள். இரண்டாவது வரும்போது என் குரல் தானாக உயரும். விக்கிரகத்தை உண்டாக்காதே, வணங்காதே என்பது அது. எங்கள் வீட்டில் சிலை இல்லை. படம் இல்லை. சுவரில் ஒரு மரச் சிலுவை மட்டும். மற்ற ஒன்பதில் எப்படியோ, அந்த ஒன்றில் எனக்கு நூற்றுக்கு நூறு என்று நம்பியிருந்தேன். அது அக்கம்பக்கத்தாருக்காகச் சொல்லப்பட்டது, எனக்கு அதில் வேலை இல்லை என்பது என் எண்ணம்.

என் திடப்படுத்தல் நாளன்று அப்பா ஓர் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்றார். சமயநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் வந்தார். வந்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் கையை அப்படி ஒருவர் பிடித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பேராயர் என் தலையில் கை வைத்தபோது என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கை குலுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

3

லிமெரிக்கில் என் நாள் சீக்கிரம் தொடங்கும். வயதானவர்களை எழுப்பி, குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். மழை பெய்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. விட்டுவிட்டதா என்றுதான் கேட்பார்கள். நான் "எஸ்தர்" என்று சொன்னாலும், பணி அட்டையில் கணவர் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால், சிலருக்கு நான் "சாமுவேல்". இருபது வருடமாகப் போகிறது, இன்னும் அந்தப் பெயரில் கூப்பிட்டால் என் கணவர் எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஞாயிறுகளில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆங்கில சர்ச். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழ் ஆராதனை. அங்கே ரேச்சல்தான் கீபோர்டு வாசிப்பாள். தலையைக் குனிந்து வாசிப்பாள். நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன். "இந்தக் காலத்துல, அதுவும் இந்த ஊர்ல, பிள்ளைய எப்புடித்தான் இப்படி வளத்தீங்க?" என்று கேட்பார்கள். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்பேன். சொல்லும்போதே யாராவது போட்டோ எடுத்தார்களா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அண்ணன் முதல் ஆளாகக் கைகூப்பும் படம் போடுவார். யார் பார்த்தார்கள், யார் பதில் போடவில்லை என்று இட்லி வேகும் நேரத்தில் நாலு தரம் எடுத்துப் பார்ப்பேன்.

ரேச்சலின் தமிழ் கேட்டுக் கேட்டு வந்தது. குறிலுக்கும் நெடிலுக்கும் அவளுக்கு என்றைக்குமே தகராறு. கால் வலித்தால் "கல் வலிக்குதும்மா" என்பாள். சிறு வயதில் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது.

திடப்படுத்தலை மதுரையில், நான் வளர்ந்த சபையில்தான் நடத்த வேண்டும் என்று முடிவு செய்தது நான். இங்கே நடத்தினால் யார் பார்ப்பார்கள்? அதற்குள் இறங்கியபிறகுதான் தெரிந்தது, ஞானஸ்நானப் பதிவில் அவள் 'ரேச்சல் பொன்மலர்', பாஸ்போர்ட்டில் 'ரேச்சல் சாமுவேல்'. "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு காட்ட ஏதாச்சும் அனுப்புங்கம்மா" என்றார் மதுரை சபை அலுவலகத்துக்காரர். அனுப்பினேன். இங்கே முறையாக வகுப்பில் படித்தாள் என்று ஆங்கில சர்ச் போதகர் எழுதித் தரவும் வேண்டும் என்றார். அதற்காக மூவரும் போதகரைப் பார்க்கப் போனோம்.

அவர் பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு, "உங்கள் மகள் இதை விரும்புகிறாளா?" என்று கேட்டார்.

"ஆமாம், ரொம்ப ஆசையாக இருக்கிறாள்" என்றேன்.

அவர் கேட்டது ரேச்சலைப் பார்த்து. பதில் சொன்னது நான். ரேச்சல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "அம்மா, எனக்கு ரெடியான்னு தெரியல" என்றாள் அவள்.

"மதுரைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்" என்றேன். ஜலதோஷத்துக்குச் சொல்வது மாதிரி.

4

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அதே போதகர் விக்கிரகங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கல்லும் மரமும் அவர் பேச்சில் வரவே இல்லை. அன்றாடம் நம் வீட்டில் நடமாடுகிற நல்ல பொருள்கள், நல்ல மனிதர்கள், நல்ல ஆசைகள் எப்படி மெல்ல மெல்லக் கடவுளின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன என்று சொன்னார். கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னார். எது உங்கள் கையைவிட்டுப் போனால் கடவுளையே உங்களால் மன்னிக்க முடியாதோ, அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன் வரிசையில் இருந்தவருடைய புதுக் காரை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சாமுவேலுடைய கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டேன். "இது உங்களுக்குத்தான்" என்று அவர் காதில்கூடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

5

மதுரையில் அண்ணன் வீடு காளவாசலில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. அண்ணன் பெயர் ஜெயராஜ். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார், சபை கமிட்டியிலும் இருக்கிறார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. ஹால் பிடித்தாகிவிட்டது. வெள்ளைச் சேலைக்குப் பொருத்தமாக ஜாக்கெட்டும் தைத்து வந்துவிட்டது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோ தெருமுனையில் திரும்பியபோது ரேச்சல் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, யாரு அது?"

நிமிர்ந்து பார்த்தேன். மின்கம்பத்துக்கும் சுவருக்கும் இடையில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பிளெக்ஸ். நடுவில் ரேச்சல். நான் அனுப்பின படத்தில் கீபோர்டை வெட்டி எடுத்துவிட்டு, முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கி, தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஏதோ போட்டிருந்தார்கள். 'அயர்லாந்திலிருந்து வருகை தரும் எங்கள் வீட்டு மகாராணி' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே அண்ணன் குடும்பம், கமிட்டிக்காரர்கள், அண்ணன் கடைப் பையன்கள்வரை எல்லோருடைய முகமும் சின்னச் சின்ன வட்டங்களில்.

"மதுரையில பிளெக்ஸ் இல்லாம விசேஷமா, தங்கச்சி?" என்று அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். "எம்புட்டுப் பேரு கேட்டாக தெரியுமா, யாரு இந்தப் பிள்ளைன்னு!"

பொய் சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்னால் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன். ரேச்சல் அதன் கீழே குனிந்தபடி நடந்து வீட்டுக்குள் போனாள்.

6

வெள்ளிக்கிழமை காலை சேலையைக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் மனைவி செல்வி மதினி பின் குத்திவிட்டார்கள். அவ்வளவு அழகாக இருந்தாள். "ஆயர் உன்கிட்ட கேப்பாரு, பேராயரும் கேப்பாரு. சத்தமாச் சொல்லணும். எங்க ஒருதடவ சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"நான் போய் சொல்ல மாட்டேம்மா."

"என்னது?"

"நான் போய் சொல்ல மாட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "போய்ச் சொல்ல மாட்டியா? பேராயர் முன்னாடி போய்ச் சொல்ல மாட்டியா? அம்புட்டுத் திமிரா உனக்கு? இம்புட்டுப் பேரு யாருக்காகடி அலையுறாக?" என்று கத்தினேன். அயர்லாந்தின் முதியோர் இல்லத்தில் ஒருநாளும் உயராத என் குரல் காளவாசல் தெருவரை கேட்டிருக்கும். மதினி பின்னை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். ரேச்சல் சேலையை அவிழ்த்து, மடித்து, கட்டிலில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மடிப்பு ஒழுங்காக இருந்தது. அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

சாமுவேல் மட்டும், "கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வா எஸ்தர்" என்றார்.

7

பேச்சியம்மாள் என்னோடு நர்ஸிங் படித்தவள். இப்போது மதுரையிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். வண்டியூரில்தான் வீடு. சாயங்காலம் தெப்பக்குளத்துக் கரையில் இருவரும் நடந்தோம். குளத்தில் தண்ணீர் இருந்தது. சுற்றிலும் நடப்பவர்கள், சுண்டல் வண்டிகள், செல்பி எடுப்பவர்கள்.

அழுது தீர்த்தேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான், ஊசி போட்டபிறகுதான் பேசுவாள்.

"போன செவ்வாக்கிழமை எங்க ஊர்ல முளைப்பாரிடி" என்றாள். "லீவு போட்டுட்டுப் போயிருந்தேன்."

முளைப்பாரி உங்களுக்குத் தெரியும். பெண்கள் இருட்டறையில் தானியங்களை முளைக்கவிட்டு, விரதமிருந்து வளர்த்து, தலையில் சுமந்துபோய் நீர்நிலையில் கரைத்துவிட்டு வருவார்கள்.

"சின்னப் பிள்ளையா மொதமொத எடுத்தப்ப என் முளைப்பாரிதான் இருக்கதுலயே உசரம். கண்மாய்க்குப் போய்க் கரைக்க மனசே வரல. வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு கரையில உக்காந்து ஒரே அழுக."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, கரைச்சுட்டு வந்தேன்."

"கரைக்காம வச்சிருந்தா?"

"ரெண்டு நாள்ல மஞ்சளாகி அழுகிப் போயிருக்கும். வேறென்ன ஆகும்?" என்றவள், சட்டென்று நின்று என்னைப் பார்த்தாள். "நான் ஊர்க்கதையத்தான் சொன்னேன். நீ வேற எதையும் நெனச்சு அழுகாத. சுண்டல் திங்கிறியா?"

சுண்டல் சாப்பிட்டோம். அந்த இரண்டாம் கற்பனையைக் குரல் உயர்த்தி ஒப்பித்த சிறுமி இதே கரையில்தான் நடந்து சர்ச்சுக்குப் போவாள். வழியில் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பவர்களைப் பார்த்து, பாவம் இவர்கள் என்று நினைப்பாள். அந்த நினைப்பு இப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. எதை எப்போது கையிலெடுப்பது, எப்போது விடுவது என்று அவர்களுக்கு ஒரு நாள் இருந்தது. எனக்கு எடுக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.

8

திரும்பி வந்தபோது ரேச்சல் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமுவேல் கூட இருந்தார். நான் வந்ததும் எழுந்து, என்னைக் கடக்கும்போது தணிந்த குரலில் சொன்னார்.

"அவ சொன்னது 'போய்' இல்ல எஸ்தர். 'பொய்'."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்று என் மகள் முரண்டு பிடிக்கவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒரு குறில் நெடிலாகிவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காளவாசல் சிக்னலின் ஹாரன் சத்தம் கீழே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்குக் கடவுள் மேல நம்பிக்கை இல்லையா?"

"தெரியலம்மா. சில நாள் இருக்கு. சில நாள் தேடுறேன், இல்ல. ஆனா ப்ரே பண்றேன்."

"அப்ப 'ஆம்'னு சொல்றதுல என்ன?"

"நீங்க அந்தக் கேள்வியெல்லாம் படிச்சீங்களா? ஒவ்வொண்ணா கேப்பாங்க. முழு மனசோட அப்படின்னு வரும். எனக்கு முழு மனசு இல்ல. கேக்குறது கடவுள்னா, அவர்கிட்ட எப்படிம்மா பொய்..." அவள் அந்தச் சொல்லைக் கவனமாக, குறுக்கிச் சொல்லப் பார்த்தாள். "அவர்கிட்ட எப்படிம்மா பொய் சொல்றது? போட்டோவுக்காகவா?"

படித்திருக்கிறேன். ஒருகாலத்தில் மனப்பாடமாகவே தெரியும். சொல்லியும் இருக்கிறேன், கணீரென்று. சொன்னபோது என் கண் வாசலில் நின்ற அப்பாவைத்தான் தேடியது.

கடவுளுக்கு முன்னால் பொய் சொல்லப் பயப்படுகிற ஒரு பிள்ளையைத்தான் திமிர் பிடித்தவள் என்று கத்தியிருக்கிறேன். பிரசங்கத்தில் கேட்ட வார்த்தை அப்போதுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் நான் கடவுளை மன்னிக்க மாட்டேன். காலையில் என் மகளையே மன்னிக்கவில்லையே. எத்தனை வருடமாக அந்த ஒரு நாளை மனசுக்குள் வைத்து, அலங்காரம் பண்ணி, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்! அதன் பீடத்துக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தவும் துணிந்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப பாப்போம். தோணலேன்னா..." அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாமுவேல் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார் போல, மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

9

சனிக்கிழமை ஆயரைப் போய்ப் பார்த்தோம். இளவயதுக்காரர். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் ரேச்சலிடம் இரண்டொரு கேள்வி கேட்டார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தன் உடைந்த தமிழில் பதில் சொல்லி முடித்ததும், "பேர மட்டும் எடுத்துர்றேன்மா. நீ எடத்தக் காலி பண்ணிராத" என்றார்.

கஷ்டம் அண்ணனிடம்தான். கடையில் வைத்துச் சொன்னேன். கையிலிருந்த ஒயர் சுருளைக் கீழே போட்டார்.

"என்ன வெளையாடுறியா? கார்டு அடிச்சு, ஊரெல்லாம் கூப்பிட்டு, சமையலுக்குச் சொல்லி... நாளைக்கு எல்லாரும் வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவேன்? நம்ம அப்பா பேரு என்னாகும்?"

"அப்பா பேருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே."

"உனக்கென்ன, ஏறிப் பறந்துருவ. இங்க தெருவுல நடக்குறவன் நானு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "வாசல்ல நான் நிக்கிறேன்ணே. கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்றேன். சமையல நிறுத்த வேணாம். வர்றவுக சாப்பிடட்டும்" என்றேன். அவர் குனிந்து ஒயர் சுருளை எடுத்தார். சாயங்காலம் ஏணியும் கட்டிங் பிளேயருமாக அவரே போய் பிளெக்ஸைக் கழற்றினார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அது இப்போது அவர் வீட்டு மாடியில், வெயில் படாமல் தண்ணீர்த் தொட்டியை மூடியிருக்கிறது.

10

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு எல்லோருமாகப் போனோம். ரேச்சல் நீலச் சுடிதாரில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் வரிசையாக முன்னால் போனார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகள் கழுத்தில் வெந்நீர் ஊற்றுவது போல இருந்தன. சாமுவேல் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பேராயர் கேள்விகளைக் கேட்டார். பிள்ளைகள் சேர்ந்து பதில் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு முழு மனசு என்று எனக்குத் தெரியாது. அது என் வேலையும் இல்லை.

நற்கருணைக்கு நான் எழுந்து போனேன். பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன். யார் பார்க்கிறார்கள் என்று நான் பக்கவாட்டில் பார்க்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை. காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. அப்பத்தை வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் பசியோடு எடுத்தேன்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் ரேச்சல் காதில் கேட்டாள்.

"அழுறீங்களாம்மா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

குறில் சரியாக விழுந்திருந்தது.

மதியம் ஹால் வாசலில் நான்தான் நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், "பிள்ளை இன்னைக்கு எடுக்கல. அவளுக்கு இன்னும் நேரம் வேணுமாம். நீங்க வாங்க, சாப்பிட வாங்க" என்று சொன்னேன். முதல் நாலைந்து பேருக்குச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு இலகுவாகிவிட்டது. சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஓர் அத்தை என்னைக் கட்டிப்பிடித்து, செத்த வீட்டுக்கு வந்தது போல அழுதார்கள். சமயநல்லூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் மட்டும், "அதுனால என்னத்தா, கறி நல்லா வெந்திருக்குல்ல?" என்று உள்ளே போனார். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த அண்ணன் சிரித்துவிட்டார். பந்தியில் ரேச்சல் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

11

ஒன்றை விட்டால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். லிமெரிக் திரும்பிய பிறகு தமிழ் ஆராதனையில் இதைச் சாட்சியாக, கடவுள் என்னிடம் செய்த காரியமாக, எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "எம்புட்டுப் பெரிய மனசு உங்களுக்கு" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. பழக்கமான குளிர்ச்சி அது. பிளெக்ஸுக்குக் கீழே நின்றபோது இருந்ததும் அதேதான்.

"என்னங்க, இன்னொண்ணு வந்து உக்காந்துருச்சு" என்றேன் சாமுவேலிடம்.

"எது?"

"விட்டுட்டேன்கிற பெருமை."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்வதில்லை. இங்கே எழுதுவதுகூடக் கேட்டவர்களுக்குப் பதிலாகத்தான். இதிலும் ஒரு துளி பெருமை ஒட்டியிருந்தால் நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

ரேச்சல் இப்போது சில ஞாயிறுகளில் எங்களோடு வருகிறாள். சில ஞாயிறுகளில் வருவதில்லை. வராத நாளில் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கவில்லை என்றால் அது பொய். இலையுதிர்காலம் வந்தால் கல்லூரிக்கு வேறு ஊர் போய்விடுவாள். முன்பெல்லாம் அவளுக்காக நான் செய்யும் ஜெபம் கடைக்குக் கொடுக்கும் ஆர்டர் மாதிரி இருக்கும். அவளை இப்படி ஆக்கும், அப்படி நிறுத்தும், இன்னாருக்கு முன்பாக உயர்த்தும் என்று நீளும். கேட்டுப் பழகின கடவுளுக்கே அலுத்திருக்கும்.

போன ஞாயிறு அவள் வரவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, எனக்காக ப்ரே பண்ணுவீங்கள்ல? என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். உன் பேரைச் சொல்லுவேன்."

"அம்புட்டுத்தானா?" என்றாள். மதுரையில் ஒட்டிக்கொண்ட வார்த்தை.

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.